பெயர் தெரியாத செடி பரிசாக வந்திருக்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் குடியிருப்பில் கிரகப்பிரவேசம், கல்யாணம், பணி ஓய்வு என்று எது நடந்தாலும் இப்போது செடிதான் கொடுக்கிறார்கள். தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் கறுப்புக் கவரில் ஒரு நாற்று. கொடுத்தவருக்கும் பெயர் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. மூன்றாவது வாரம் அது என் வாசலுக்கு வந்துவிடும். நான் தாவரவியல் படித்தவன் இல்லை. சென்னையில் கிழக்குப் பார்த்த பால்கனியில் பதினைந்து வருடமாகத் தொட்டிகளோடு மல்லுக்கட்டுகிறவன், அவ்வளவுதான். இதுவரை வந்த செடிகளில் நோய் வந்து செத்தது குறைவு; தொட்டியும் தண்ணீரும் சேர்ந்து கொன்றதுதான் அதிகம். அதனால் பெயரைத் தேடி உட்காரும் முன் தொட்டியைப் பாருங்கள் என்பது என் கட்சி.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

எதிர்வீட்டு அக்கா ஒருமுறை வெள்ளைப் பீங்கான் தொட்டியில் ஒரு செடியைக் கொண்டுவந்தார். அகலமான இலை, நடுவில் வெளிர்பச்சைத் தீற்றல், கீழே நான்கு இலைகள் மஞ்சள். “தினமும் சாமி விளக்கு ஏத்தினதும் ஒரு டம்ளர் ஊத்திடுவேனே தம்பி, அப்புறமும் ஏன் வாடுது?” என்றார். பீங்கானுக்குள் விரலை விட்டால் இன்னொரு தொட்டி. நர்சரியில் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் தொட்டி அப்படியே உள்ளே உட்கார்ந்திருந்தது. பீங்கானின் அடியில் ஓட்டையே இல்லை. கவிழ்த்ததும் இரண்டு டம்ளர் கறுப்புத் தண்ணீர் குளியலறைத் தரையில் ஓடியது, சாக்கடை வாசத்தோடு. அது டிஃபன்பேக்கியா என்று பிறகுதான் தேடிப் பார்த்தேன். பெயர் தெரிவதற்கு முன்பே வியாதி தெரிந்துவிட்டது.

ஆகவே செடி வந்த அன்றே:

அழகுத் தொட்டியிலிருந்து உள் தொட்டியை வெளியே எடுங்கள். அடியில் ஓட்டை இருக்கிறதா, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

மேலே வண்ணக் கூழாங்கல் இருந்தால் நகர்த்திப் பாருங்கள். சில கடைகளில் கல்லைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள். அப்படியானால் தண்ணீர் சரியாக இறங்காது, மண்ணும் காயாது. கல்லைப் பெயர்த்து எறியுங்கள்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை எடுத்து மண்ணில் அடிவரை குத்தி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம். வெறும் குச்சியாக வந்தால் காய்ந்திருக்கிறது. நான் ஈரம் பார்க்கும் மீட்டர் ஒன்று வாங்கி, மூன்றே மாதத்தில் தூக்கிப் போட்டேன். ஈர்க்குச்சி இன்னும் பொய் சொல்லவில்லை.

இரண்டு வாரம் மற்ற செடிகளுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். உரம் போடாதீர்கள். தொட்டி மாற்றவும் அவசரப்படாதீர்கள். அடியில் ஓட்டை இல்லாத தொட்டி மட்டும் இதற்கு விலக்கு.

அறிகுறி: என்ன செடி என்றே தெரியவில்லை

கொடுத்தவரிடம் பெயரைக் கேட்டால் “ஏதோ லக்கி பிளான்ட்” என்பார். பெயரைக் கேட்காதீர்கள். எந்தக் கடை, அங்கே வெயிலில் இருந்ததா, பச்சை வலைக்குக் கீழே இருந்ததா, பூ இருந்ததா என்று கேளுங்கள். வீட்டுச் செடியிலிருந்து ஒடித்துக் கொடுத்த போத்து என்றால் தாய்ச்செடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

அதில் தேறவில்லையென்றால் படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளான கூகுள் லென்ஸ், பிளான்ட்நெட் இரண்டிலும் தேடுங்கள். செடி முழுதும் ஒரு படம், ஓர் இலையின் மேல்பக்கமும் அடிப்பக்கமும், இலை தண்டில் சேரும் கணு, பூ இருந்தால் பூ, என்று தனித்தனியாக எடுக்க வேண்டும். பின்னால் வெள்ளைத் தாள் பிடித்தால் நல்லது. இரண்டும் ஒரே பெயரைச் சொன்னால் ஓரளவு நம்பலாம். ஆளுக்கொன்று சொன்னால், பூக்கும் வரை பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்து வளர்க்கலாம்:

இலையோ தண்டோ தடித்து, கிள்ளினால் சாறு நிற்கிறதா? தண்ணீரைச் சேமிக்கும் சாதி. ஜேட், ஸ்நேக் பிளான்ட், அடீனியம் எல்லாம் இந்தப் பக்கம். மண் அடிவரை காய்ந்த பிறகுதான் தண்ணீர். இசட்இசட் என்று விற்கும் பளபளப்பு இலைச் செடிக்கு மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கு இருக்கும். வீட்டுக்குள் அதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

கணுக்களில் பழுப்பு நிறத்தில் வேர் முண்டு துருத்துகிறதா, தண்டு சாய்ந்து படர்கிறதா? மணி பிளான்ட், சிங்கோனியம், பிலோடெண்ட்ரான் வகைக் கொடி. மேல்மண் இரண்டு விரல்கடை காய்ந்ததும் தண்ணீர், நேர் வெயில் படாத நல்ல வெளிச்சம்.

மெல்லிய அகல இலை, தண்டே தெரியாமல் மண்ணிலிருந்து கொத்தாகக் கிளம்புகிறதா? பீஸ் லில்லி போன்றது. ஈரம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

இலையின் ஓரத்திலேயே குட்டிச் செடி முளைக்கிறதா? ரணகள்ளி. ‘கட்டிப்போட்டால் குட்டி போடும்’ என்று ஊரில் சொல்வது இதைத்தான். சாகடிப்பதுதான் கஷ்டம்.

தட்டையான பட்டை போல ஒரே ஓர் ‘இலை’யைக் கொடுத்து, பிரம்ம கமலம் என்றார்களா? அது நிஷாகந்தி. இலை போலத் தெரிவது உண்மையில் தண்டு. நிஜமான பிரம்ம கமலம் இமயமலையில் பூப்பது, உத்தராகண்டின் மாநில மலர், சென்னையில் வராது. கொடுத்தவரிடம் இதைச் சொல்லித் திருத்த வேண்டாம், மனசு கஷ்டப்படும்.

லக்கி பாம்பூ மூங்கிலே இல்லை, ஆப்பிரிக்காவின் டிரசீனா. மூங்கில் என்று நினைத்து மொட்டைமாடி வெயிலில் வைத்தால் இரண்டு நாளில் வெளுத்துவிடும்.

ஓர் இலையைக் கிள்ளும்போது பால் வந்தால் கையைக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். கள்ளி வகைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. அடீனியம் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பால் இதயத்தைப் பாதிக்கும் விஷம். டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் குத்தி நாக்கும் உதடும் வீங்கும். வீட்டில் தவழும் குழந்தையோ நாய், பூனையோ இருந்தால், பெயர் உறுதியாகும் வரை செடிக்கு உயரமான இடம்தான். யாராவது மென்றுவிட்டால் வாயைக் கொப்பளிக்கச் செய்து, வாந்தி எடுக்க வைக்காமல், செடியின் ஒரு கிளையைக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ உடனே 108.

‘சர்க்கரைக்கு நல்லது, தினம் ஒரு இலை மெல்லுங்க’ என்று சொல்லி மூலிகை கொடுப்பவர்களும் உண்டு. செயலி சொன்ன பெயரை நம்பி எதையும் வாயில் போடாதீர்கள். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறை. அங்கேயும் முடியாவிட்டால் கோயம்புத்தூரில் இருக்கும் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம். பூவோடு கூடிய கிளை இருந்தால்தான் அவர்களாலும் உறுதியாகச் சொல்ல முடியும்.

அறிகுறி: இலை மஞ்சளாகிறது

அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும், மேலே புதுத் துளிர் நன்றாக இருக்கிறது. வயதான இலை. பிய்த்துப் போடுங்கள், அவ்வளவுதான்.

அடியிலிருந்து வரிசையாக மஞ்சள், மண் ஈரம், தொட்டி தூக்கினால் கனம். தண்ணீர் அதிகம். ஊற்றுவதை நிறுத்தி, வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி ஈர்க்குச்சி.

மஞ்சள் நிற்கவில்லை, தண்டின் அடி மெத்தென்று இருக்கிறது, மண்ணில் வாடை. வேர் அழுகல். இப்போது தொட்டியைக் கவிழ்த்தே ஆக வேண்டும். வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, இழுத்தால் அறாமல் இருப்பது நல்ல வேர். கறுத்து, இழுத்ததும் தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் நின்றால் அழுகியது. அழுகியதையெல்லாம் வெட்டிவிட்டு, வெட்டுவாயில் மஞ்சள்தூளோ கரித்தூளோ தடவுகிறவர்கள் உண்டு. நான் நிழலில் அரை நாள் காயவிடுவதோடு சரி. பிறகு சின்னத் தொட்டி, புது மண். செம்மண், மண்புழு உரம், ஆற்று மணல் மூன்றும் சமமாகக் கலந்தால் பெரும்பாலான செடிகளுக்கு ஒத்துவரும். கள்ளி வகைக்கு மணல் இன்னும் ஒரு பங்கு கூட. செடி சின்னதாகிவிட்டதே என்று பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். வேர் இல்லாத மண் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும், மறுபடி அழுகும்.

கவிழ்க்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். வேர்ப்பந்தின் நடுவில் சின்ன வலைக் கிண்ணமோ துணிப்பையோ இருக்கலாம், நாற்றங்காலில் வைத்ததை யாரும் எடுப்பதில்லை. வேர் அதை நெரித்துக்கொண்டு வளர்ந்திருந்தால் ஓரங்களில் கத்தரித்து, வேரை இழுக்காமல் உருவ முடிந்த அளவு உருவுங்கள்.

தண்ணீர் சரி, வேரும் சரி, புதுத்துளிர்தான் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இரும்புச்சத்து கிடைக்கவில்லை. உப்புத் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் சகஜமாக வருவது இது. நர்சரியில் நுண்ணூட்டக் கலவை கிடைக்கும், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

அறிகுறி: வந்த வாரத்திலேயே இலை கொட்டுகிறது

ஓசூர், பெங்களூரு பக்கத்துப் பசுமைக்குடிலில் வளர்ந்தது, லாரியில் வந்து, மண்டபத்து ஏசியில் ஒரு நாள், காரின் டிக்கியில் ஒரு மதியம் என்று அலைந்து, கடைசியில் உங்கள் பால்கனிக்கு வந்திருக்கிறது. கொட்டாமல் என்ன செய்யும்? அழகுக்கு வைக்கும் சின்ன இலை ஃபைக்கஸ் இடம் மாறினாலே கொட்டும். ஒரே இடத்தில் மூன்று வாரம் வையுங்கள். கிளை வளைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது. இந்த மூன்று வாரத்தில் ‘இங்கே வெளிச்சம் போதவில்லையோ’ என்று தினமும் நகர்த்துவதுதான் பெரிய கெடுதல், நானும் செய்திருக்கிறேன்.

மார்கழி, தையில் அடீனியம் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றால் பயப்பட வேண்டாம். அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கல் போல இருந்தால் தூங்குகிறது, தண்ணீரைக் குறையுங்கள். அமுங்கினால் அழுகல், மேலே சொன்னபடி கவிழ்க்க வேண்டியதுதான்.

அறிகுறி: தளர்ந்து தொங்குகிறது

தொட்டியைத் தூக்குங்கள். லேசாக இருந்தால் தாகம். ஆனால் தேங்காய் நார்த்தூளில் வந்த செடிக்கு மேலிருந்து ஊற்றினால், முழுதாகக் காய்ந்த நார் தண்ணீரை வாங்காது. பக்கவாட்டில் வழிந்து அடியில் ஓடிவிடும், நீங்களோ ஊற்றிவிட்டதாக நினைப்பீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் தொட்டியைப் பாதி மூழ்க வைத்து அரை மணி நேரம் விடுங்கள். பீஸ் லில்லி என்றால் சாயங்காலம் வைத்தது காலையில் நிமிர்ந்து நிற்கும்.

கனமாக இருந்தும் தொங்குகிறதா? வேர் அழுகல். இன்னும் தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. எனக்குத் தெரிந்து செடிகள் அதிகம் சாவது இந்த ஒரு குழப்பத்தில்தான்.

மதியம் மட்டும் தொங்கி, ராத்திரி சரியாகிறது என்றால் வெயில் அதிகம், வேறொன்றும் இல்லை.

அறிகுறி: நுனியும் ஓரமும் கருகுகிறது

மண்ணின் மேலும் தொட்டி விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போர் தண்ணீரின் உப்பு. கோடையில் லாரித் தண்ணீர் வரும் தெருக்களில் இது இல்லாத தொட்டியே இல்லை. மேல்மண் ஒரு விரல்கடை எடுத்துவிட்டுப் புது மண் போடுங்கள். நல்ல தண்ணீர் கிடைக்கும் நாளில், தொட்டி கொள்ளும் அளவைப்போல இரண்டு மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி அடியில் வழியவிடுங்கள். ஐப்பசி மழையில் ஒரு நாள் வெளியே வைத்தால் இந்த வேலையை மழையே பார்த்துக்கொள்ளும்.

சிக்கனம் என்று ஆர்ஓ இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறார்கள். குழாய்த் தண்ணீரைவிட அதில்தான் உப்பு கூடுதல். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

படிவு இல்லை, டிரசீனா அல்லது ஸ்பைடர் பிளான்ட் மாதிரி நீள இலை, நுனி மட்டும் பழுப்பு. இவற்றுக்குப் புளோரைடு ஆகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி போல நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமுள்ள ஊர்களில் மழைநீரோ ஆர்ஓவின் நல்ல தண்ணீரோதான் தீர்வு. கருகிய நுனி பச்சையாகாது. கத்தரியால் இலையின் வடிவத்திலேயே சாய்வாக வெட்டிவிடலாம்.

ஏசி காற்று நேராக அடிக்கிறதா என்றும் ஒருமுறை கையை வைத்துப் பாருங்கள்.

அறிகுறி: வெள்ளைப் பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு

மாவுப்பூச்சி. எறும்பு வரிசையாக ஏறினாலே தேடுங்கள். இலை தண்டில் சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கும், நசுக்கினால் வழவழ என்று வரும். இதற்குத்தான் அந்த இரண்டு வாரத் தனிமை. 2008ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இரண்டே வருடத்தில் தோட்டம் தோட்டமாகப் பாழாக்கியது. 2010ல் அதைத் தின்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. பால்கனியில் குளவி வந்து காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

நாலைந்து பூச்சிதான் என்றால் காது குடையும் பஞ்சுக்குச்சியை சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்துத் தொட்டு எடுங்கள். கூட்டமாக இருந்தால் முதலில் குழாயை வேகமாகத் திறந்து அடித்துக் கழுவுங்கள், மண்ணைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்டு. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கரைய சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். வெயில் தாழ்ந்தபின், இலையின் அடிப்பக்கமும் நனைய அடிக்க வேண்டும். ஒருமுறை அடித்தால் போதாது; முட்டை பொரிக்கும், அதனால் வாரம் ஒன்றாக மூன்று வாரம். மெல்லிய இலைச் செடி என்றால் முதலில் ஓர் இலையில் அடித்து ஒரு நாள் பாருங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் வேரில் பார்க்க வேண்டும். வேரிலும் வெள்ளை இருந்தால், பத்து ரூபாய்ப் போத்தில் வளரும் செடிக்காகப் போராடாதீர்கள். நுனியை வெட்டிக் கழுவிப் புதிதாக நட்டுவிட்டு, மிச்சத்தை மண்ணோடு கவரில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள். விலை உயர்ந்த செடி, அல்லது பக்கத்துச் செடிகளுக்கும் பரவிவிட்டது என்றால் பாதித்த கிளையை மூடிய கவரில் போட்டு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ தோட்டக்கலைத் துறை அலுவலகத்திலோ காட்டுங்கள். உரக்கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வீட்டுக்குள் அடிப்பதற்கு நான் எதிரி.

மண்ணிலிருந்து கொசு மாதிரி குட்டி ஈ பறந்தால் அது வேறு. மேல்மண் எப்போதும் ஈரம். இரண்டு விரல்கடை காயவிட்டாலே போகும்.

அறிகுறி: நெடுநெடுவென்று போகிறது, இலை சிறுக்கிறது

வெளிச்சம் இல்லை. மதியம் செடியின் மேல் கையை நீட்டுங்கள். கையின் நிழல் விழவே இல்லை என்றால் மணி பிளான்ட்டுக்குக்கூடப் போதாது. ஜன்னல் பக்கம் நகர்த்தி, நீண்டதைக் கணுவுக்குக் கீழே வெட்டி அதே தொட்டியில் நட்டுவிடுங்கள்.

அறிகுறி: மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது

காதலர் தினத்துக்கு இதய வடிவில் ஒற்றை இலை நட்ட சின்னத் தொட்டி வந்திருக்கும். ஹோயா கெர்ரி. கணு இல்லாமல் இலையை மட்டும் நட்டிருந்தால் வேர் விடும், வருடக்கணக்கில் பச்சையாக நிற்கும், கொடி மட்டும் கிளம்பாது. கொடுத்தவர் இருக்கும்போது இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

சிவப்பு, மஞ்சள் உருண்டையைத் தலையில் வைத்த கள்ளியும் இப்படித்தான். மேலே இருக்கும் உருண்டையில் பச்சையம் கிடையாது. கீழே ஒட்டுக்கட்டிய பச்சைத் தண்டுதான் சோறு போடுகிறது. சில வருடத்தில் தலை வாடுவது உங்கள் தவறில்லை.

சாயம் பூசிய சதைப்பற்றுச் செடி, நீலமும் பொன்னுமாக மின்னினால், நகத்தால் சுரண்டுங்கள். பெயிண்ட் உரிந்து வந்தால் புது இலை வரும்வரை வெளிச்சத்தில் வையுங்கள். ஒரு மாமியிடம் வந்த செடியைச் சுரண்டியபோது அது முழுக்கவே பிளாஸ்டிக். நாலு மாதமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

அறிகுறி: பூவோடு வந்தது, மறுபடி பூக்கவில்லை

கலாஞ்சோ, பாயின்செட்டியா இரண்டுக்கும் நீண்ட இருட்டு வேண்டும். தெருவிளக்கோ ஹால் டியூப்லைட்டோ இரவெல்லாம் பட்டால் மொட்டு வைக்காது. ஐப்பசியிலிருந்து ஆறு வாரம், சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடிக் காலை எட்டுக்கு எடுத்துப் பாருங்கள். நிஷாகந்திக்குப் பொறுமைதான் மருந்து; போத்து நட்டு இரண்டு மூன்று வருடம் ஆகலாம். பூப்பதும் இருட்டிய பிறகு, விடிவதற்குள் வாடிவிடும். மொட்டு தலை நிமிர்த்தும் நாளில் விழித்திருக்க வேண்டும்.

அறிகுறி: செத்துவிட்டதா என்றே தெரியவில்லை

நுனியிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு அங்குலத்துக்கு ஓர் இடத்தில் நகத்தால் தோலைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரியும் இடம்வரை உயிர் இருக்கிறது. அதற்கு மேலே வெட்டிவிடுங்கள். அடிவரை பழுப்பு என்றால் விட்டுவிடலாம். லக்கி பாம்பூ தண்டு மஞ்சளானால் அந்தத் தண்டு திரும்பாது, மற்ற தண்டுகளிலிருந்து அதை உடனே பிரித்துவிட்டுத் தண்ணீரை மாற்றுங்கள்.

அக்காவின் டிஃபன்பேக்கியாவில் கடைசியில் மிஞ்சியது ஒரு சாண் தண்டுதான். கையுறை போட்டு, இரண்டு கணு வருகிற மாதிரித் துண்டு போட்டு, ஈர மணலில் படுக்க வைத்தேன். நாலாவது வாரம் ஒரு கணுவில் மூக்குத்திபோலப் பச்சை தெரிந்தது. இப்போது மூன்று இலை. பீங்கான் தொட்டியில்தான் வைக்க வேண்டும் என்கிறார் அக்கா. டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி வந்து அடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தால் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.